திருப்பூரில் அடிக்கும் எங்கள் வீட்டு போன்

அநியாயம் நடந்தது எனக்கு, அக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையின் நடுவில் நீங்கள் வேறு யார் மேலாவது இரக்கப்பட்டுவிடுவீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு மனப்பாடமான நம்பருக்கு, போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "வணக்கங்க, சொர்ணம்மா பலகாரமுங்க. நீங்க யாருங்க பேசறது?" என்றாள்.

யாருங்க பேசறது! என் வீட்டுக்குள் போக நான் யாரென்று சொல்ல வேண்டுமாம். இன்னும் கேளுங்கள். அவள் எங்கள் வீட்டிலேயே இல்லை. எங்கள் வீடு வள்ளியூரில் இருக்கிறது. அவள் உட்கார்ந்திருந்தது திருப்பூரில்.

நீங்கள் மதுரை வரைக்கும்தானே? நல்லது. கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியாது, பாதியில் போய்விடுவார்கள். பாதி கேட்டவர்கள் எல்லாம் என் மதினி பக்கம்தான் பேசுவார்கள்.

ஆமாம், போனை எடுத்தது என் மதினி. அண்ணன் பொண்டாட்டி. பெயர் சுகிர்தா. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். அதனால் அந்தக் குரல் சொந்தக் குரல் இல்லை, சம்பளத்துக்குப் பழகிய குரல். இதை யாருமே கவனிப்பதில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். எங்கம்மா பெயர் சொர்ணம். கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்கிறாள். எங்கள் பக்கம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என்று பெரிய பெரிய டின்னில் கூடவே அனுப்புவார்கள். எத்தனை டின் இறங்கியது என்று மாப்பிள்ளைத் தெருவே வாசலில் நின்று பார்க்கும். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தது அந்த டின்கள்தான். நான் இப்போது மதுரையில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறேன். சீர்வரிசை என்கிற வழக்கத்தை எதிர்த்துத்தான் என் ஆய்வுக் கட்டுரை. அதிலும் முரண்பாடு இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். அம்மா செய்வது உழைப்பு, வாங்குகிறவர்கள் செய்வது தவறு. இரண்டும் வேறு வேறு. இதை நான் அம்மாவுக்கே பலமுறை விளக்கியிருக்கிறேன். "சரிட்டி" என்று ஒத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கஷ்டம், போன் எடுப்பது. முந்திரிக்கொத்துக்கு வறுத்த பாசிப்பயறு மாவில் வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு சூடாக உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். முழங்கையால் ரிசீவரைத் தட்டிவிட்டு, தள்ளி நின்று "யாரு, யாரு" என்று கத்துவாள். போன வருஷம் எங்கள் தெருவில் பழைய கம்பி போனை எடுத்துவிட்டார்கள். நெட் இணைப்பு கொடுப்பவர் வந்து, "புது நம்பர் வாங்கிக்கோங்கம்மா" என்று சாதாரணமாகச் சொன்னார். அம்மாவும் தலையை ஆட்டிவிட்டாள். நான் விடவில்லை. அந்த நம்பர் நாங்குநேரியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது. அதை எப்படி மாற்றுவது? விதி என்ன, யார் போட்டது, எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். கடைசியில் அந்த மனிதர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டு வேறு ஒருவரை அனுப்பினார். ஆனால் அதே நம்பர் நின்றது! யாரால் நின்றது? என்னால்.

அப்போது வந்ததுதான் அந்த அடாப்டர். சோப்புக்கட்டி அளவு வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் நெட் வயர், மறு பக்கம் எங்கள் பழைய சிவப்பு டெலிபோன். பேச்செல்லாம் இனிமேல் நெட்டில் போகும். அதோடு ஒரு ஆப்பும் உண்டு. அதைச் செல்போனில் போட்டு வீட்டு நம்பரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால், நாம் எந்த ஊரில் இருந்தாலும் வீட்டு போன் அடிக்கும்போது நம் கையிலும் அடிக்கும். நாம் அதிலிருந்து பேசினால் வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி வீட்டு நம்பர்தான் எதிரே தெரியும். ஆனால் ஒரு செல்போனில்தான் போட முடியும். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே. அந்தப் பெட்டியில் இருக்கிற ஒரே ஒரு நாற்காலி அது.

அதில் முதலில் உட்கார்ந்தது நான்தான். பாஸ்வேர்டே என் பெயர்தான், ஆவுடைச்செல்வி. அம்மாவுக்கு மறக்காமல் இருக்கட்டும் என்று வைத்தேன். மதுரையில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே, வேப்பமரத்தடியில் நின்று, வள்ளியூர் வீட்டுக்கு வரும் போனை நான் எடுப்பேன். அம்மா நிம்மதியாக உருட்டிக்கொண்டிருப்பாள். எப்படிப்பட்ட ஏற்பாடு பாருங்கள்!

நன்றாகத்தான் செய்தேன். அதையும் சொல்கிறேன், நீங்களே எடைபோடுங்கள். ஒரு அம்மாள் போன் பண்ணி, "வீட்டுக்குத் தூரமான நாள்ல பலகாரத்துல கை வைக்க மாட்டியள்ல?" என்று கேட்டார். இந்தக் காலத்தில்! நான் கோபப்படவே இல்லை. ரத்தம் என்றால் என்ன, கர்ப்பப்பை என்றால் என்ன, அந்த அம்மாள் பிறந்ததே எங்கிருந்து என்று பொறுமையாக விளக்கினேன். வகுப்புக்கு மணி அடித்த பிறகும் விளக்கினேன். அந்த அம்மாள் வாயடைத்துப் போனார். பிறகு கூப்பிடவே இல்லை. மனம் மாறுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும்.

இன்னொருவர் பணகுடி செங்கல்சூளைக்காரர். பெயர் தவசிமுத்து. மகள் கல்யாணத்துக்கு டின் டின்னாக அடுக்கிக்கொண்டே போனார். அச்சுமுறுக்கு இத்தனை, அதிரசம் இத்தனை, முந்திரிக்கொத்து மட்டும் தனியாக இத்தனை. நான் கேட்டேன், "ஏன் சார், மாப்பிள்ளை வீட்டுல அடுப்பே கிடையாதா?" அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். "நான் வேடிக்கை பேசல. உங்க பொண்ண நீங்க டின்னோட சேத்து டெலிவரி பண்றீங்க, அது உங்களுக்குத் தெரியுதா?" என்றேன். போனை வைத்துவிட்டார். ஒரு மனிதர் பதில் இல்லாமல் போனை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள்? யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்றுதானே?

அன்றைக்கு விடுதியில் எல்லாரிடமும் இதைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஆப் நின்றுவிட்டது. 'இணைப்பு இல்லை' என்றது. விடுதி நெட்டில் கோளாறு என்று நினைத்து வார்டனிடம் சண்டை போட்டேன். அப்புறம் அடாப்டர் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பையனைப் பிடித்து நுகர்வோர் உரிமை பற்றிப் பேசினேன். பாவம், அவன் கடைசியில், "மேடம், கோளாறு எதுவும் இல்லை. உங்க நம்பர் இப்ப வேற ஒரு போன்ல நல்லா வேலை செய்யுது" என்றான். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கே நேராக போன் போட்டேன். அப்போதுதான், "வணக்கங்க, நீங்க யாருங்க பேசறது?"

"அம்மா இல்லையா?" என்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அட, செல்வியா! என்ன கண்ணு, சாப்டியா?" என்றாள். கண்ணு! எனக்கும் அவளுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். "அத்தை கைவேலையா இருக்காங்க கண்ணு. நான்தான் கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கறேன். ஏதாவது சொல்லணுமா?" என்றாள். என் அம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் தகவல் கேட்கிறாள்!

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பெயர் இசக்கிராஜா. அவன் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டான். "அம்மாதான் மாத்தச் சொன்னா. நீ படிக்கிற பிள்ளை, தொந்தரவு வேண்டாம்னு சொன்னா" என்றான். நான் தொந்தரவு என்று எப்போது சொன்னேன்? பாஸ்வேர்டு யார் கொடுத்தது? "அம்மாதான்." யோசித்துப் பாருங்கள் அக்கா. என் பெயரை எழுத்து எழுத்தாக அடித்து, என் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். உலகத்தில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியாதது. என் செல்போனில் அந்த நம்பரை 'வீடு' என்று வைத்திருக்கிறேன். மதினி அந்த ஆப்பிலிருந்து கூப்பிட்டாலும் 'வீடு' என்றுதான் வரும். நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன், 'வீடு' என்று வரும், அம்மா என்று ஓடி வெளியே போய் எடுப்பேன், "கண்ணு, அத்தை உனக்குச் சுவெட்டர் எடுக்கச் சொன்னாங்க, என்ன கலர் வேணும்?" என்று திருப்பூர் பேசும். ஏமாற்றமாக இருக்காதா? நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன், "மதினி, உங்க சொந்த நம்பர்ல கூப்பிட மாட்டீங்களா?" அடுத்த தடவையிலிருந்து சொந்த நம்பரில் கூப்பிட்டாள். கேட்டதும் செய்துவிட்டாள். வாதாடக்கூட இல்லை. அப்படிப்பட்ட ஆளிடம் என்ன சண்டை போடுவது?

ஊரிலிருந்து வருகிற பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான். பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா என்னிடமே சொல்கிறார், "ஒங்க வீட்ல போன்ல பேசுத பிள்ளை யாரு? எங்க சித்தி ஆர்டர் குடுத்தா. சொர்ணம் மக என்னா மரியாதையாப் பேசுதான்னு சொல்லிச் சொல்லி மாளல." சொர்ணம் மகள்! சொர்ணத்துக்கு ஒரே ஒரு மகள். அது நான். வள்ளியூரில் உள்ளவர்கள், கொங்குத் தமிழ் பேசுகிறவளை எங்கள் வீட்டுப் பெண் என்று எப்படி நம்புகிறார்கள்? "ஏனுங்க, வெல்லம் கொஞ்சம் முன்ன பின்ன போடச் சொல்லட்டுங்களா?" என்று வள்ளியூர்ப் பெண் கேட்பாளா? ரோஸ்லின் அக்காவிடம் இதைக் கேட்டால், பெண்ணைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்கிறார்களாம். அவளும் போனில் அம்மாவை "அம்மா" என்றுதான் சொல்கிறாள். அத்தை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் குழப்பமாம். அவர்களுடைய குழப்பத்தைத் தீர்ப்பதற்கு என் அம்மாவை எடுத்துக்கொள்வதா?

கொஞ்சம் இருங்கள், ஜன்னலைச் சாத்துகிறேன். தூசி. சாப்பிடுகிறீர்களா? முந்திரிக்கொத்துதான். அம்மா கட்டிக்கொடுத்தது. இதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு சொல்கிறேன். கடினமாக இருக்கிறதா? உள்ளே மெத்தென்று இருக்கும், கடியுங்கள்.

போன வாரம் படிப்பு விடுமுறை விட்டார்கள். ஊருக்குப் போனேன். தை மாதம் வருகிறது, முகூர்த்தமெல்லாம் அடுக்கடுக்காக இருக்கிறது. வீடே வெல்ல வாசனை. போய் இறங்கியபோது உள்ளே சிரிப்புச் சத்தம். அம்மா சிரிக்கிறாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் யாரும் இல்லை. அம்மாவின் செல்போன் அரிசி டப்பாவின் மேல் ஸ்பீக்கரில் இருக்கிறது. மதினி திருப்பூரிலிருந்து பேசுகிறாள். அம்மா உருட்டிக்கொண்டே பதில் சொல்கிறாள்.

"ஏம்மா, வடக்கன்குளத்துக்காரங்க எள்ளு வேண்டாம்னு சொன்னாங்கல்ல?"

"ஆமாங்கத்தை, எழுதிட்டேன். அந்தப் பாட்டி ஒருக்கா கேட்டாங்க, முந்திரிக்கொத்துல முந்திரி எங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"பேர்ல இருக்குதுங்கன்னு சொன்னேன்."

அம்மா அப்படிச் சிரித்தாள், கையில் இருந்த உருண்டை உடைந்துபோகும் அளவுக்கு. எனக்கு நினைவு தெரிந்து அம்மா என்னோடு போனில் பேசும்போது சிரித்ததில்லை. என்னோடு பேசும்போது அம்மா 'சரிட்டி' என்பாள். நான் அரை மணி நேரம் பேசினால் நாலைந்து 'சரிட்டி' வரும். ஒவ்வொன்றும் நான் ஜெயித்த இடம் என்று நினைத்துக்கொள்வேன். அது தப்பா? ஒத்துக்கொள்கிறவர்களிடம் பிறகு எதற்குச் சிரிப்பு?

என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாட்டி? கைகால் கழுவிட்டு வா" என்றாள். அதற்குள் போனில் மதினி, "செல்வி வந்துட்டாளா? நான் வெச்சர்றேன், நீங்க பேசுங்கத்தை" என்று வைத்துவிட்டாள். எங்களுக்குப் பேச நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறாள் பாருங்கள், அந்த வீட்டுக்காரி மாதிரி.

அன்று மத்தியானம் அம்மா குளிக்கப் போனபோது என் செல்போனில் ஆப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். ஆவுடைச்செல்வி என்று அடித்தேன். திறந்துவிட்டது. மாற்றவே இல்லை. நம்பிக்கை என்று நீங்கள் சொல்வீர்கள். நான் அலட்சியம் என்று சொல்வேன். எதுவானாலும், ஒரு விநாடியில் அவள் வெளியே, நான் உள்ளே.

இதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். என் வாதங்களைக் கேளுங்கள். ஒன்று, நம்பரைக் காப்பாற்றியவள் நான். இரண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தார்கள், ஆகவே கேட்காமல் திருப்பி எடுக்க எனக்கு உரிமை உண்டு. மூன்றாவதும் ஒன்று வைத்திருந்தேன், இப்போது ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மதினி அவளுடைய சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாள். "கண்ணு, ஆப் என்னமோ வெளிய தள்ளீருச்சு. பணகுடிக்காரர் இன்னைக்குக் கூப்பிடறேன்னார். நீ படிச்ச பிள்ளை, என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்?" என்றாள். "சர்வர் பிரச்சினையா இருக்கும் மதினி. நாடு பூரா இருக்குதாம்" என்றேன். "அப்படியா, சரி சரி. அப்ப அத்தைக்குக் கஷ்டமாப் போயிருமே. நீ வீட்டுல இருக்கறது நல்லதாப் போச்சு கண்ணு, அடிச்சா நீ எடுத்துக்கறியா?" என்றாள்.

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத்தானே வந்தேன்!

அவளை விட நன்றாகப் பேசிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உறுதியாக. சீர் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்தேன்: வணக்கங்க. வாய்க்கு வரவில்லை. அந்த 'ங்க' எங்கள் வாய்க்கு ஒட்டாது. வணக்கம் என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

பணகுடிக்காரர் என்றால் அந்தச் செங்கல்சூளைத் தவசிமுத்துதான். யோசிக்கப் போனவர் திரும்பி வந்திருக்கிறார், அதே டின்களோடு. இப்போது அவர் மதினியின் வாடிக்கையாளர். போன் அடித்தது. வீட்டுச் சிவப்பு போனும் அடித்தது, என் கையிலும் அடித்தது. எடுத்து, "வணக்கம், சொர்ணம்மா பலகாரம். சொல்லுங்க சார்" என்றேன். எவ்வளவு பணிவு தெரியுமா! என் பேராசிரியர்களிடம்கூட அப்படிப் பேசியதில்லை.

அவர், "பொண்ணு இல்லையாம்மா?" என்றார்.

"நான் பொண்ணுதான் சார் பேசுறேன்."

"இல்லம்மா. சொர்ணம்மா பொண்ணு. மரியாதையாப் பேசுமே, அந்தப் பிள்ளை."

"நான்தான் சார் சொர்ணம்மா பொண்ணு."

"ஒன் குரலு எனக்குத் தெரியும்மா" என்றார். கோபமாக இல்லை. ஏதோ பழைய வலியைத் தடவிப் பார்க்கிற மாதிரி. "நீ அந்த வேலைக்கு வந்த பிள்ளைல்லா? ஒன்னைய நிறுத்திட்டாங்கன்னுல்லா சொன்னாங்க. மறுபடியும் வச்சிருக்காங்களா? நல்லது, பொழச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்லுதேன் பிள்ளை. எம் மகளுக்குத் தாய் இல்ல. தாய் இருந்தா அவ ஒக்காந்து சுட்டுக் குடுத்துவிடுவா. எனக்குச் சூளை வேலைதான் தெரியும். தாயில்லாத பிள்ளைன்னு யாரும் ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுன்னுதான் ரெண்டு டின்னு கூடக் கேட்டேன். நீ டெலிவரின்னு சொல்லிப்போட்டே. சரி, போவட்டும். பொண்ணு வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

வைத்துவிட்டார்.

அவர் மகளுக்குத் தாய் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் அக்கா? அவர் சொல்லவில்லையே. சொல்லாத ஒன்றை வைத்து என்னை எப்படிக் குறை சொல்ல முடியும்? மதினிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவள் எல்லாரிடமும் ஒன்று கேட்பாள், "பொண்ணு என்னங்க பண்ணுது, அம்மா எப்படி இருக்காங்க" என்று. தொழில் முறை விசாரிப்பு. அதில் தெரிந்திருக்கும்.

ஆனால் நான் அப்போது அதை எல்லாம் நினைக்கவில்லை. எனக்குக் காதில் நின்றது ஒன்றுதான். வேலைக்கு வந்த பிள்ளை. நிறுத்திவிட்டார்கள். என்னை! எங்கள் வீட்டில்! வேலைக்கு வருகிறவர்கள் கேவலம் என்று நான் சொல்லவில்லை, என் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. ஆனால் நான் மகள். மதினி அதை அழித்துவிட்டு, என்னை ஒரு சம்பளக்காரியாக்கி, நிறுத்தியும் விட்டாள். அவள் என் இடத்தில் உட்கார்ந்ததுகூடப் பெரிதில்லை. நான் அந்த இடத்தில் இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா பாகு ஊற்றிப் பிசைய ஆரம்பித்திருந்தாள். நிறுத்த முடியாத கட்டம். நல்லது, ஓடிப் போக முடியாது. அரிசி டப்பாவின் மேல் என் செல்போனை வைத்து, மதினியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"மதினி, பணகுடிக்காரர் பேசுனார்" என்றேன்.

"அப்பாடி. என்னங்கறார் கண்ணு?"

"நான் வேலைக்கு வந்த பிள்ளையாம். என்னைய நிறுத்திட்டீங்களாம். அவருகிட்ட அப்படிச் சொன்னது நீங்கதானே?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ தையல் மெஷின் ஓட்டுகிறார்கள், அது கேட்டது. பிறகு மதினி சொன்னாள், "ஆமா கண்ணு. நான்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத."

பார்த்தீர்களா? ஒத்துக்கொண்டாள்! நான் அம்மாவைப் பார்த்தேன். "கேட்டியாம்மா? அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க. இப்பவாவது சொல்லு. இந்த வீட்டு நம்பர் யாருக்கு? எனக்கா, அவங்களுக்கா? இந்த வீட்டுல மக யாரு?"

அம்மா உருட்டிக்கொண்டே இருந்தாள். முகத்தில் வேர்வை. முழங்கையால் துடைத்துக்கொண்டாள். நான் பதிலுக்காக நின்றேன். 'சரிட்டி' வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"சுகிர்தா, நீ எதுக்கும்மா ஏத்துக்கிடுதே" என்றாள் போனைப் பார்த்து. பிறகு என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ சொல்லலட்டி. அவளுக்கு முன்னாடியே நான் சொன்னது" என்றாள்.

இருங்கள் அக்கா, உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

யார், மகளா? எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறாளா? சாத்தூர் தாண்டிவிட்டது என்று சொல்லுங்கள். நல்ல பெண். அடிக்கடி கூப்பிடுவாளா? சரி.

எங்கே விட்டேன்? ஆமாம், முந்திரிக்கொத்து. அதைச் சொல்கிறேன் என்றேனே. எங்கள் வீட்டில் முழுசாக இருப்பதெல்லாம் டின்னுக்குப் போகும். உடைந்தது, ஒட்டிக்கொண்டது, மாவு பிரிந்தது, இதுதான் எனக்கும் அண்ணனுக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தை பஸ்ஸில் ஏறித்தான் பிரித்தேன். பாருங்கள், ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் மூன்று மூன்று உருண்டை சேர்ந்த கொத்தாக, டின்னுக்குப் போகிற மாதிரி. இது என்ன, லஞ்சமா? சமாதானமா? முழுசாகக் கொடுத்தால் நான் கேள்வி கேட்பதை விட்டுவிடுவேனா?

ஆப்பா? அது என்னிடம் இல்லை. இன்று காலை மதினி என்னைக் கூப்பிட்டு, "நீயே வெச்சுக்க கண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அவள் தானம் கொடுத்து நான் வாங்குவதா? நானே வெளியே வந்துவிட்டேன். பாஸ்வேர்டை மட்டும் மாற்றவில்லை. யார் வேண்டுமானாலும் என் பெயரை அடித்துக்கொண்டு உட்காரட்டும்.

சரி, அந்தப் பதிலுக்கு வருகிறேன். அம்மா அப்படிச் சொன்னதும் எனக்கு வாதமெல்லாம் மறந்துவிட்டது. எனக்கு, அக்கா! "நீயா? என்னைய வேலைக்காரின்னு நீயா சொன்னே? ஏன்?" என்றேன். போனில் மதினி மூச்சுவிடுவது கேட்டது, அவளும் வைக்கவில்லை. அம்மா கடைசி உருண்டையை உருட்டித் தட்டில் வைத்தாள். அதன் பிறகுதான் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், இது ஒரு நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"அந்த மனுசன் போன் பண்ணி ஒன்னையப் போட்டு அந்த வைய்யி வஞ்சாருட்டி. எம் மகள ஒருத்தரு வைய, நான் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா? அதான், அது எம் மகளே இல்லன்னு சொல்லிட்டேன்."